சவரிமுத்துவோட நாலு விரல்

பேய்க் கதை சொல்றவனக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும் அண்ணே. முனி அடிச்சிருச்சு, மோகினி புடிச்சிருச்சுன்னு தோட்டத்து லய வீட்டுல எவனாச்சும் ஆரம்பிச்சா, போய்ப் படுடா, குடிச்ச கள்ளு இன்னும் எறங்கலன்னு திட்டி அனுப்புற ஆளு நான். இப்ப நானே சொல்றேன். நம்புனா நம்புங்க, இல்லன்னா எந்திரிச்சுப் போங்க, ஆனா சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா எனக்குத் தாங்காது.

ஈப்போவுல ஒரு படக்கொட்டகையில நாந்தான் மிசின் ஓட்டுறவன். ஊமப் படம். மேல கூண்டுக்குள்ள நின்னு கைப்பிடியச் சுத்திக்கிட்டே இருக்கணும், வேகமாச் சுத்துனா படத்துல ஆளுங்க ஓடுவாங்க, மெதுவாச் சுத்துனா நடப்பாங்க. கீழ திரைக்கு முன்னால மூணு பேரு ஒக்காந்து படத்துக்கு ஏத்த மாரி வாசிப்பாங்க. பியானோவும் பிடிலும் மணிலாக்காரங்க. மூணாவது நம்ம சவரிமுத்து. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்துல பொறந்தவன், மணிலாக்கார பேண்டு மாஸ்டர்கிட்ட வேலைக்கு நின்னு செல்லோ கத்துக்கிட்டான். செல்லோன்னா பெரிய பிடில் அண்ணே, காலுக்கு நடுவுல நிறுத்தி வில்லால இழுக்கணும். இவன் இழுத்தா சீனக் கெழவிங்க கூட மூக்கச் சிந்துவாங்க.

கம்பிய அழுத்தி அழுத்தி அவன் இடது கை விரல் நாலும் நுனியில கொம்பு மாரி காச்சுப் போயிருக்கும். எரியிற சுருட்ட அந்த விரலாலயே நசுக்கி அணைப்பான். இதான் மச்சான் என் சொத்துன்னு பெருமையா நீட்டிக் காட்டுவான். தோட்டத்துல கங்காணிய அடிச்சுப் போட்டுட்டு ஓடி வந்தவன், திரும்பிப் போக வழியில்ல. அந்த வேலைய விட்டா அவனுக்குப் போக்கிடமே கெடையாது.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்துச்சு. கொட்டகை மொதலாளி, தவுக்கேன்னுதான் கூப்புடுவோம், சிங்கப்பூருல இருந்து ஒரு சின்னப் படம் வரவழைச்சாரு. ஒரு வெள்ளக்காரன் ஒத்தையா ஒக்காந்து செல்லோ வாசிக்கிறான், அவ்வளவுதான் படம். கூடவே அந்த வாசிப்பப் புடிச்ச கிராமபோன் தட்டு. பின்னால தட்டு ஓடும், முன்னால படம் ஓடும், அவனே நேர்ல வாசிக்கிற மாரி இருக்கும், இவன் சம்பளம் கேக்க மாட்டான்னு தவுக்கே சிரிக்கிறாரு. ஞாயித்துக்கெழம மத்தியான ஆட்டத்துல போட்டுப் பாப்போம், சரியா வந்தா நீங்க மூணு பேரும் வேற எடம் பாத்துக்கங்கன்னுட்டாரு.

ஆட்டத்துக்கு முன்னால சவரி கூண்டுக்கு ஏறி வந்தான். மொகமே சரியில்ல.

"மச்சான், நீ கொஞ்சம் மெதுவாச் சுத்து. தட்டு முந்திக்கிட்டுப் போயிரும், சனம் கத்தும், தவுக்கே தட்ட நிறுத்திருவாரு. அங்க இருந்து நான் புடிச்சுக்கறேன்."

"அந்தப் பாட்டு உனக்குத் தெரியாதேடா?"

"அவன் விரலப் பாத்து வாசிப்பேன். அவன் எங்க அழுத்துறானோ நானும் அங்க அழுத்துவேன், வேற என்ன."

கொட்டகையில வாசிக்கிறவங்களுக்கு அதான் பழக்கம், தன் கையப் பாக்கவே மாட்டாங்க, கண்ணு திரையிலயே கெடக்கும். எனக்கும் அது நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு, சரின்னுட்டேன்.

பிலிம மாட்டுறதுக்கு முன்னால எந்தப் பக்கம் மருந்து பூசியிருக்குன்னு பாக்கணும். இருட்டுல கண்ணுக்குத் தெரியாது, அதனால ஒதட்டுல வச்சுப் பாப்போம், ஒட்டுனா அதான் மருந்துப் பக்கம். நெதமும் செய்யிற வேலதான். அன்னிக்கு வச்சேன் பாருங்க, சீ! ஒரே உப்பு, வெதுவெதுன்னு வேற இருக்கு. வேர்வையில ஊறுன மனுசன் கழுத்த நக்குனாப்புல, புளிச்ச வாடையோட. துப்புறேன் துப்புறேன், வாய விட்டுப் போவ மாட்டேங்குது. எவனோ அழுக்குக் கையோட தொட்டிருக்கான் நாதாரின்னு திட்டிக்கிட்டே மாட்டுனேன்.

சவரி சொன்ன மாரியே நடந்துச்சு. நான் மெதுவாச் சுத்த, தட்டு முந்திக்கிட்டு ஓட, சனம் சீட்டியடிச்சுக் கத்த, சுக்குப் சுக்குப், போதும் நிறுத்துன்னு தவுக்கே பின்னால பாத்து கையக் காட்டுனாரு. தட்டு நின்ன அடுத்த நிமிசம் சவரி கம்பியில வில்ல வச்சு இழுத்தான். திரையில அவன் விரல் எறங்குனா இங்க இவன் விரல் எறங்குது, அவன் இழுத்தா இவன் இழுக்குறான். கொட்டகையே கப்சிப். எனக்குச் சந்தோசம் தாங்கல, ஜெயிச்சுட்டான்யா நம்ம ஆளுன்னு.

அப்பத்தான் திரையில இருந்த வெள்ளக்காரன் தலையத் தூக்குனான்.

முந்தின நாளு அந்தப் படத்த நான் ஓட்டிப் பாத்திருக்கேன் அண்ணே, சத்தியமாச் சொல்றேன், அவன் தலையத் தூக்கவே இல்ல. இப்பத் தூக்கி, கீழ சவரி ஒக்காந்திருந்த எடத்தப் பாக்குறான், சவரியோட இடது கையப் பாக்குறான். பந்தியில ஒக்காந்தவன் எலையப் பாக்குற மாரி. வாயோரம் எச்சி வழியுது, நாக்கால நக்கிக்கிறான். கைப்பிடி கனத்துப் போச்சு எனக்கு, கொழுப்புக்குள்ள கரண்டிய விட்டுக் கிண்டுற மாரி வழவழன்னு. நிறுத்தவும் முடியாது, நிறுத்துனா வெளக்குச் சூட்டுல பிலிம் குப்புன்னு பத்திக்கும், கொட்டகையே போயிரும். கண்ண மூடிக்கிட்டுச் சுத்துனேன், வேற என்ன செய்ய?

படம் முடிஞ்சுச்சு. ஒரே கைதட்டு. சவரி இருக்கட்டும், தட்டெல்லாம் வேணாம்னு தவுக்கேயே சொல்லிட்டாரு.

நான் மிசினத் தொறந்து பிலிம் ஓடுற எடத்தச் சுரண்டுறேன், வழக்கமா மருந்துத் தூளு படிஞ்சிருக்கும். அன்னிக்கு வட்டமா நாலு துண்டு கெடந்துச்சு. மஞ்சளா, தடிப்பா, மெழுகுன்னு நெனச்சு எடுத்து அமுக்கிப் பாத்தேன், மூக்குல வச்சேன், அதே புளிச்ச வாட. வெளக்குப் பக்கம் கொண்டு போனா, ஒவ்வொண்ணுலயும் ரேக. விரல் ரேக அண்ணே. அந்தக் கூண்டுலயே வாந்தி எடுத்தேன்.

கீழ ஓடுனா சவரி இடது கைய மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான். ரத்தம் இல்ல, காயம் இல்ல. நாலு விரல் நுனியும் பச்சப்புள்ள குதிகால் மாரி செவந்து, மெத்துன்னு இருக்கு.

"வலிக்கவே இல்ல மச்சான், எப்பப் போச்சுன்னே தெரியல"ன்னு சொன்னான். அப்புறம் ஒரு கம்பிய அழுத்திப் பாத்துட்டு அலறுனான்.

தோலுதானே, மறுபடியும் காச்சுக்கும்னு மணிலாக்காரங்க சொன்னாங்க. காய்க்கல. உப்புத் தண்ணியில ஊற வச்சான், மணல்ல போட்டுத் தேச்சான், அழுதுக்கிட்டே கம்பியில வச்சு அழுத்துனான், ஒண்ணும் ஆவல. தவுக்கேயும் எவ்வளவு நாளு பொறுப்பாரு. செல்லோவ வித்துட்டு ஈயச் சுரங்கத்துல மண்ணு வெட்டப் போயிட்டான். அந்தப் படம் மறுநாளே ரயிலேறிப் போச்சு, எந்த ஊருக்குன்னு நான் கேக்கல, கேக்கவும் புடிக்கல. அந்த நாலு துண்டையும் காகிதத்துல சுருட்டி ஆத்துல வீசிட்டு, கைய மண்ணு போட்டுக் கழுவுனேன்.

வருசம் சிலது ஆயிருச்சு. இப்பவும் வீட்டுக்கு வருவான். மம்பட்டி புடிச்சுப் புடிச்சு ரெண்டு உள்ளங்கையும் மரப்பட்ட மாரி ஆயிருச்சு, அந்த நாலு நுனி மட்டும் இன்னும் அப்படியே, ஈரமா, செவப்பா. அந்தக் கையால குடிச்ச குவளைய என் பொஞ்சாதி கழுவுனாலும் நான் மறுபடி கழுவுவேன். பாவம், என் சிநேகிதன்தான், ஆனா என்னால முடியல.

போன ஞாயித்துக்கெழம மத்தியானம் வந்தவன், இங்க பாரு மச்சான்னு கைய விரிச்சான். ஒரு நுனியில கோடு விழுந்திருக்கு, இப்பத்தான் கம்பியில இருந்து எடுத்த மாரி பள்ளமா. செல்லோவ வித்ததுல இருந்து அவன் ஒரு கம்பியத் தொட்டது கெடையாது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், அந்தக் கோடு மறையிறதுக்குள்ள பக்கத்து விரல்ல இன்னொண்ணு அமுங்குது, அது எழும்புது, அடுத்த விரல்ல அமுங்குது. மூடுடா கையன்னு கத்துறேன். அவன் காதுலயே வாங்கல.

"இது அன்னிக்கு வாசிச்சது இல்ல மச்சான். புதுப் பாட்டு. அந்த வெள்ளக்காரன் நல்லாத்தான் வாசிக்கிறான்"னு சொல்லிட்டு, தன் விரலப் பாத்து தலைய ஆட்டி ஆட்டி ரசிக்கிறான் அண்ணே.