தண்ணீருக்குள் தலையாட்டக் கூடாது

என் தலை என் சொல் கேளாது. இதை என் ஐம்பத்து மூன்றாம் வயதில் கண்டுபிடித்தவர், மொன்றியலில் ஒரு நீச்சல்குளத்தில் எங்களுக்கு ஸ்கூபா பழக்கிய கியூபெக் ஆசிரியை.

தண்ணீருக்கு அடியில் பேச்சு இல்லை, கைதான். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, எல்லாம் சரியா என்று கேட்பார். சரியென்றால் நாமும் வளையம் காட்டவேண்டும். நான் காட்டினேன். கூடவே, பிறந்ததிலிருந்து செய்துவருகிறபடி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். கையை மட்டும் வைத்து ஓம் சொல்ல யாரால் முடியும்? அவர் பதறிப்போய் மறுபடி கேட்டார். விளங்கவில்லையாக்கும் என்று நான் இன்னும் பலமாக ஆட்டினேன். தோளில் பிடித்து என்னை மேலே கொண்டுவந்துவிட்டார்.

“உங்கள் கை சரி என்கிறது, தலை இல்லை என்கிறது. நான் எதை நம்புவது?” என்று பிரெஞ்சில் கேட்டார். விளங்கிவிட்டது என்று சொல்லத் தலையை ஆட்டினேன்.

இந்த வினையை நானேதான் விலைக்கு வாங்கினேன். லாசாலில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், கியூபெக்கின் கிழக்குக் கோடியில் வளைகுடாத் தீவொன்றைச் சுற்றிக் கடலுக்கடியில் பாசிக் காடு இருக்கிறதென்று மச்சான் போனில் படம் காட்டினான். ஆளைவிட நீளமான பழுப்பு இலைகள். பார்த்த உடனேயே எனக்கு ஆசை வந்துவிட்டது. “நான் திருகோணமலையான். கடல் எனக்கென்ன புதுசோ? இந்தக் கோடைக்குள்ள போய்ப் பாக்கிறன்” என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டேன். உண்மையில் திருகோணமலைக் கடலில் நான் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. கையில் கடதாசிச் சரையில் கச்சான் கடலை இருக்கும்.

துணையில்லாமல் இறங்கக் கூடாது என்பது ஸ்கூபாச் சட்டம். “உங்களைத் தனிய விட்டா எனக்கு நித்திரை வராது, நானும் வாறன்” என்று மனைவியும் சேர்ந்தாள். நீந்தவே தெரியாமல் தொடங்கியவள், எல்லாவற்றையும் முதல் தரமே செய்துகாட்டினாள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

வீட்டில் எனக்கு வைத்தியம் தொடங்கியது. கழுத்தைச் சுற்றித் துவாய் கட்டிவிட்டு, “தேத்தண்ணி வேணுமோ?” என்பாள். தலை ஆடினால் தேத்தண்ணி இல்லை. விரல் வளையம் காட்டினால் உண்டு. கோவிலில் ஐயர் அர்ச்சனையா என்று கேட்க, பழக்கதோஷத்தில் வளையத்தைக் காட்டினேன். அவர் ஏதோ முத்திரை என்று நினைத்துப் பக்தியோடு திருப்பிக் காட்டினார்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? ஒரு முழு நாள் கார் ஓட்டி, பிறகு படகேறித் தீவுக்குப் போய், பல் கிடுகிடுக்கும் தண்ணீரில் இரண்டு தரம் இறங்கினோம். இரண்டு தரமும் என் தலை ஆடியது. இரண்டு தரமும் காட்டைக் காணாமல் பாதியில் மேலே வந்தோம். மிஞ்சியது ஒரே ஒரு முறை. அதுவும் பாதியில் நின்றால் எனக்குத் தேர்ச்சி அட்டை இல்லை என்று ஆசிரியை சொல்லிவிட்டார். “அடுத்த வருஷம் இந்தக் கூத்துக்கு நான் வரமாட்டன்” என்று மனைவியும் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் முறை காடு வந்தது. வாழையிலைகளை நீளத்துக்கு இழுத்து நட்டுவிட்ட மாதிரி, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, பிறகு மற்றப் பக்கம் சாய்ந்தன. அம்மாடி, என்ன வடிவு! ஆசிரியை என்னைப் பார்த்து வளையம் காட்டினார். நானும் காட்டினேன். தலை கல்லாக நின்றது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அடுத்தது மனைவி. அவளும் வளையம் காட்டினாள். ஆனால் தலை துளியளவு, ஒரே ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ஆசிரியைக்கு அது கண்ணில் படவேயில்லை. எனக்குப் பட்டது. காய்ச்சலோடு சமைக்கும்போது, ‘என்னப்பா செய்யுது?’ என்று கேட்டால், ‘ஒண்டுமில்லை’ என்று சாய்க்கிற சாய்ப்பு அது. இருபத்தாறு வருடமாக நான் பார்த்துப் பயப்படுகிற சாய்ப்பு.

காட்டை ஒருதரம் பார்த்தேன். பிறகு ஆசிரியையிடம் அவளைச் சுட்டிக்காட்டி, உள்ளங்கையை ஆட்டினேன். ஏதோ பிழை என்று அர்த்தம். மனைவி இரண்டு கையாலும் வளையம் காட்டி என்னை முறைத்தாள். எல்லோரும் மேலே வந்தோம்.

“உங்களுக்கென்ன விசரே? இன்னும் பத்து நிமிஷந்தானே!” என்று கத்திக்கொண்டே முகக்கண்ணாடியைக் கழற்றினாள். அதற்குள்ளிருந்து ஒரு கோப்பை உப்புத்தண்ணீர் கொட்டியது. ஒரு கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. இறங்கினதிலிருந்தே ஒழுக்கு.

“ஏனப்பா சொல்லேல்லை?”

“சொன்னா உங்கட அட்டை போயிடுமெல்லே.”

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டுக்கும் குளிரைச் சாட்டிக்கொண்டேன்.

ஆசிரியை எனக்கு அட்டையைத் தந்தார். கூட வந்தவரைக் கவனித்தவன்தான் மூழ்கத் தெரிந்தவன் என்றார். மனைவிக்குத் தரவில்லை. தண்ணீருக்குள் பொய் சொல்லக் கூடாதாம், அவள் இன்னொரு தரம் வந்து இறங்க வேண்டுமாம்.

மொன்றியலுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தாள். எங்கோ ஒரு தெப்பனர் என்கிற மூலைக்கடை வாசலில் காரை நிறுத்தி, “கோப்பி வேணுமோ?” என்றேன். விரலால் வளையம் காட்டினாள். தலை அசையவேயில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

“அடுத்த கோடைக்கும் வருவம். நான் துணைக்கு இறங்கிறன்” என்றேன்.

அவள் தலை மெல்ல இரண்டு பக்கமும் ஆடியது. ஓடிப்போய் இரண்டு கோப்பி வாங்கினேன்.