இரண்டாம் இடத்துப் பாட்டு

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் ஒரு கிராமபோன் இருந்தது. எடப்பாடிக்கு வெளியே, நாலு வீடும் ஒரு கிணறுமாக இருந்த தோட்டத்துக் குடியிருப்பில் அது பெரிய அதிசயம். பருத்தி நன்றாக விளைந்த ஒரு வருஷம் என் மாமனார் சேலத்துக்குப் போய் அதை வாங்கி, மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, நடுவில் வைத்துக் கொண்டுவந்தாராம். நான் வந்தபோது அவர் இல்லை. பெட்டி இருந்தது, முப்பத்திரண்டு இசைத்தட்டுகள் இருந்தன, அவர் போட்டுவிட்டுப் போன ஒரு சட்டமும் இருந்தது. ஒரு பாட்டுக்கு ஓர் ஊசி. பாட்டு முடிந்ததும் ஊசியை எறிந்துவிட வேண்டும். தேய்ந்த ஊசி தட்டைக் கீறிவிடும் என்பதால் அப்படி ஒரு சட்டம்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். மாமியார், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை, நான். தங்கை என்னைவிட ஒரு வயது இளையவள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுவார்கள். அவள் வாயில் அந்தச் சொல் ஒரு நாளைக்கு நூறு தடவை வரும். கடலைக்காய் உரிக்கும்போதும், மாட்டுக்குத் தவிடு கலக்கும்போதும் எங்கள் இருவருக்கும் பேச்சு பாட்டைப் பற்றித்தான். சினிமாக் கொட்டகைக்கு நாங்கள் போனது அதுவரை ஒரே தடவை. ஆனாலும் முப்பத்திரண்டு தட்டுகளில் எந்தப் பாட்டு எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவோம்.

யுத்தம் வந்தது. என் வீட்டுக்காரருக்கு எடப்பாடிக் கடைவீதியில் ஒரு சின்ன நூல் கடை. நூலுக்காகச் சேலம் போகிறபோதெல்லாம் ஊசி டப்பி ஒன்று வாங்கி வருவார். ஒரு நாள் வெறுங்கையோடு வந்தார்.

"ஊசி சீமையிலிருந்து வரோணுமாம். கப்பலே வரதில்லைங்கறான் கடைக்காரன்" என்றார்.

டப்பியைக் கவிழ்த்து எண்ணினோம். நாற்பத்தொன்று.

முதலில் முள்ளை வைத்துப் பார்த்தோம். வேலியிலிருந்து கருவேல முள் கொண்டுவந்து, நுனியைச் சீவி, ஊசிக்குப் பதிலாகச் செருகினோம். பாட்டு வந்தது. ஆனால் பாடுகிறவருக்கு ஒரு மாதமாகச் சளி பிடித்திருப்பது போல வந்தது. "அந்த மனுசனைப் படுத்தாதீங்க, பாவம்" என்று மாமியார் பெட்டியை மூடச் சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் என் வீட்டுக்காரர் அந்த யோசனையைச் சொன்னார். "இனித் தோணுனதெல்லாம் போட முடியாது. இருக்கறதுல உசந்த பாட்டாப் பத்து பொறுக்குங்க. வரிசையா எழுதிக்கலாம். மேல இருக்கறது அடிக்கடி, கீழ இருக்கறது எப்பவாச்சும்."

சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது! அந்தப் பட்டியலை எழுதி முடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

முதலிடத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. "முருகன் பாட்டுக்கு மேல ஒரு பாட்டை எழுதுனா இந்த ஊட்ல சோறு வேகாது" என்று மாமியார் சொல்லிவிட்டார். அதனால் முதலிடம் முருகனுக்குப் போய்விட்டது. சாமியோடு யார் போட்டி போட முடியும்? மனிதர்களுக்கு மிச்சமிருந்ததில் உயர்ந்தது இரண்டாம் இடம்தான். உலகத்திலேயே சிறந்த பாட்டு எது என்ற வழக்கு எங்கள் வீட்டில் அந்த இரண்டாம் இடத்துக்காகத்தான் நடந்தது.

என் பாட்டு ஒரு சினிமாப் பாட்டு. ஒரு பெண் தனியாக ஆற்றங்கரையில் உட்கார்ந்து பாடுவது. படத்தை நான் பார்க்கவில்லை, ஆறு என்பது நானே வைத்துக்கொண்டது. ஜலகண்டாபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த எனக்கு, கல்யாணமான முதல் மாதம் இந்தத் தோட்டத்து அமைதி தாங்கவில்லை. யாருக்கும் தெரியாமல் மாட்டுக் கொட்டகையில் நின்று அழுதிருக்கிறேன். அப்படி ஒரு சாயங்காலம் வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பாட்டு வந்தது. நான் அழுவதைப் பார்த்துவிட்டு யாரோ சொல்லி அனுப்பியது போல இருந்தது. அன்றிலிருந்து அது என் பாட்டு.

அவள் பாட்டு அதற்கு முந்தைய காலத்து நாடகப் பாட்டு. நாட்டை இழந்த ராஜா ஒருவர், ஆர்மோனியம் பின்னால் துரத்தத் துரத்த, மேலே மேலே ஏறிப் பாடுவார். எனக்கு அது கத்தல்.

"அவர் கத்தலைங்க நங்கையா, கூப்புடறாரு" என்பாள் அவள். "உங்க பொண்ணு ஒக்காந்த எடத்துலயே பாடுது. என்ற ராசா மலையே ஏறிட்டாரு."

"மலை ஏறுனா மூச்சு வாங்குமல்லொ. அதுதான் அந்தச் சத்தம்."

"அப்பா இருந்தப்பொ வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இதெத்தான் போடுவாரு. அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு?"

மாமனாரை இழுத்துவிட்டால் நான் வாயை மூட வேண்டியதுதான். ஆனால் மூடவில்லை. வயது அப்படி.

என் வீட்டுக்காரர் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். ஆடிப் பதினெட்டு அன்றைக்கு மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் பாட்டுக் கேட்க வருவார்கள், அவர்களையே கேட்டுவிடலாம் என்றார். வந்தார்கள். காவிரியில் முழுகிவிட்டு ஈரத் தலையோடு வாசலில் உட்கார்ந்தார்கள். இரண்டு தட்டையும் புது ஊசியில் போட்டோம். ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்து, பிடித்த பாட்டின் உறை மேல் வைக்கச் சொன்னோம். மாமியார், முருகன் பாட்டைத் தவிர வேறு எதற்கும் கொட்டை வைக்க மாட்டேன் என்று கையிலேயே வைத்துக்கொண்டார். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம். மிச்சம் என் வீட்டுக்காரர் கையிலிருந்த ஒன்றுதான். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு என் பாட்டின் மேல் வைத்தார்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். "பொண்டாட்டி வந்தா அண்ணனுக்குக் காதும் மாறிப்போகுமாட்ட இருக்குது" என்று அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

இதற்கு அடுத்த வாரம்தான் அந்தக் காரியம் நடந்தது.

தட்டுகளைத் துடைத்துவைப்பது என் வேலை. வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, தட்டுகளை உறையிலிருந்து எடுத்துத் துடைத்துப் பரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பசு சோளத்துக்குள் புகுந்துவிட்டது. ஓட்டிவிட்டு, ஓடிப்போன கன்றையும் பிடித்துக் கட்டிவிட்டுத் திரும்பும்போது நிழல் நகர்ந்திருந்தது. கட்டில் ஓரத்தில் இருந்த ஒரு தட்டு, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். ராஜா.

அப்போதே கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. புளியங்கொட்டைச் சண்டை முடிந்து ஒரு வாரம்தானே ஆகியிருந்தது, யார் நம்புவார்கள்? யாரும் பார்ப்பதற்குள் நிமிர்த்திவிடலாம் என்று இரண்டு பலகைக்கு நடுவில் தட்டை வைத்து, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். படக்கென்று ஒரு சத்தம். பலகையைத் தூக்கினால் தட்டு இரண்டாகக் கிடந்தது.

சத்தம் கேட்டு அவள் வந்தாள். குழவியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். நான் வெயில், பசு, கன்று என்று ஏதேதோ உளறினேன். அவள் குனிந்து இரண்டு துண்டையும் எடுத்துச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

"ரெண்டாவது எடத்துக்கு இனிப் போட்டி இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நங்கையா என்ற சொல் அந்த வீட்டில் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். தண்ணீர் சேந்தினாயா என்றால் ஆமாங்க. சாப்பிடுகிறாயா என்றால் அப்பறம். அவளைப் புதுச்சத்திரத்துப் பக்கம் ஒரு வீட்டில் தை மாதம் கல்யாணத்துக்குப் பேசி முடித்திருந்தார்கள். இன்னும் நாலைந்து மாதத்தில் போய்விடுவாள். இப்படியே போய்விடுவாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "சேலத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. அந்தத் தட்டை எங்கிருந்தாலும் தேடி வாங்கோணும்."

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் போனோம். ஏற்றத்தில் இரண்டு இடத்தில் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். உடைந்த துண்டுகளை ஒரு துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பாட்டின் பெயர் அதில்தான் இருந்தது. கடைவீதியில் இசைத்தட்டு விற்கிற கடைக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் படித்தார்.

"இதுவாம்மா? இது போயி வருஷம் எவ்வளவோ ஆச்சு. இப்ப யாரும் கேக்கறதில்லை" என்றார்.

"வேற எங்கயாச்சும் கிடைக்குமுங்களா?"

"கிடைக்காது. பழசை எல்லாம் உருக்கறதுக்கு அனுப்பறோம். தட்டு செய்யற அரக்கு இல்லாம புதுசு போட முடியலையே. இந்தத் துண்டைக்கூடக் குடுத்தா எடுத்துக்குவேன்."

நான் உடைந்த துண்டுகளை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டேன். வெறுமனே திரும்ப மனமில்லாமல், என் பாட்டின் பெயரைச் சொல்லி, அது எப்படிப் போகிறது என்று கேட்டேன். அதுவாவது முதலில் நிற்கும் என்று ஓர் ஆசை.

"அதுவா? அந்தப் படமே ஓடலைம்மா. பாட்டையும் சீந்துவாரில்லை" என்று சொல்லிவிட்டு, இந்த வருஷம் சேலத்திலேயே அதிகம் விற்கிற பாட்டு எது என்றும் சொன்னார். ஒரு குடிகாரக் கணவனும் மனைவியும் மாறி மாறித் திட்டிக்கொள்கிற கோமாளிப் பாட்டு. எங்கள் வீட்டிலும் அது இருந்தது. முப்பத்திரண்டில் கடைசியாக ஒதுக்கி வைத்திருந்தோம்.

வீடு திரும்பியதும் மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். அவள் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். கேட்கிறாளோ இல்லையோ என்று பார்க்காமல், கடைக்காரர் சொன்னதை எல்லாம் சொன்னேன். ராஜாவைக் கேட்க ஆளில்லை என்றது, என் பெண்ணைச் சீந்துவாரில்லை என்றது, குடிகாரன் பாட்டு முதலிடம் என்றது.

அவள் சாணிக் கூடையை டப்பென்று கீழே போட்டாள்.

"குடிகாரன் பாட்டா! அந்த ஆளுக்குக் காது இருக்குதுங்களா, இல்லீங்களா? சேலத்துல அத்தனை பேர் இருந்து ஒருத்தருக்குமா தெரியலை? உங்க பாட்டுக்கு என்னங்க கொறை? மூணாவது அடில அந்தப் பொண்ணு ஒரு நிறுத்து நிறுத்துமே, அதுக்கு இவிய என்ன குடுத்தாலும் ஈடாகுங்களா நங்கையா?"

என் பாட்டை அவள் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளும் சாணிக் கையோடு நின்று சிரித்தாள்.

"தட்டை வேணும்னு ஒடைக்கலை சாமி" என்றேன்.

"தெரியுமுங்க. வேணும்னு ஒடைக்கறவிய அம்மிக் குழவியவா தூக்குவாங்க? மொழங்கால்ல வெச்சு ஒடைச்சிருக்க மாட்டாங்க?"

அன்றிலிருந்து ராஜா பாட்டை அவளே பாடினாள். தட்டில் இருந்தவரை வாரத்துக்கு ஒரு முறைதான் கேட்போம். இப்போது களையெடுக்கும்போது, துணி துவைக்கும்போது, எந்நேரமும் ராஜா மலை ஏறினார். ஆர்மோனிய இரைச்சல் இல்லாமல் கேட்டபோதுதான் அதில் எவ்வளவு துக்கம் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. ஓரிடம் மட்டும் என் காதில் இடித்தது. 'கருணை செய்ய மறுப்பதேனோ' என்று வர வேண்டிய இடத்தில் அவள், 'கருப்புச் செம்மறி மேய்ப்பதேனோ' என்று உருகிக்கொண்டிருந்தாள்.

"ராசா எதுக்கு ஆடு மேய்க்கறாரு சாமி?"

"நாடு போயிருச்சல்லொ, வேறென்ன பண்ணுவாரு? அதுதானுங்க சோகமே."

நான் எவ்வளவோ சொன்னேன். சாட்சிக்குத் தட்டு இல்லை. அவள் அப்பா மடியில் உட்கார்ந்து கேட்ட சொல் அது, மாற்ற மாட்டேன் என்றுவிட்டாள். போகப் போக எனக்கும் ஆடுதான் சரியென்று பட்டது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. கிராமபோன் பெட்டியைச் சீர்வரிசையாக எடுத்துக்கொண்டு போ என்று அவள் அண்ணன் சொன்னார். அம்மாவுக்கு முருகன் பாட்டு இல்லாமல் வெள்ளிக்கிழமை விடியாது என்று மறுத்துவிட்டாள். வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாரேனுங்க நங்கையா" என்றாள்.

வெயில் காலத்தில் அவளைப் பார்க்கப் புதுச்சத்திரம் போனேன். அவள் மாமியார் வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே நுழையும்போதே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவளுடைய ஓரகத்தி ஒருத்தி, நாமக்கல் கொட்டகையில் கேட்டுவந்த ஒரு பாட்டைச் சொல்லி, அதற்கு மேல் உலகத்தில் பாட்டே கிடையாது என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இதா, எங்க நங்கையா வந்துட்டாங்க. இவியளையே கேளுங்க" என்று என்னை இழுத்து நடுவில் உட்கார வைத்தாள் அவள்.

"சொல்லுங்க பாப்போம், எதுங்க உசந்த பாட்டு?" என்றாள் ஓரகத்தி.

என் பாட்டு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளைப் பார்த்தேன். அவள் புளி ஒட்டிய விரலோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாட்டை இழந்த ராஜாவின் பாட்டைச் சொன்னேன். கேட்டதே இல்லையே என்றார்கள். அப்படியென்றால் பாடிக் காட்டுங்கள் என்றார்கள். எனக்குக் குரல் கிடையாது. இருந்தும் பாடினேன். மலை ஏறுகிற இடத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அவள் சேர்ந்துகொண்டாள். ஆடு மேய்க்கிற அடி வந்ததும் இருவருமாக உருகினோம். ஒரு கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ பாவம், ராசாவுக்கு இப்படியா ஒரு கதி?" என்றாள்.

ஓரகத்தி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் சாப்பிட்டு முடித்து, தூங்கி எழுந்து, பஸ்ஸுக்குப் புறப்படுகிற வரைக்கும் அவள் தன் பாட்டுக்காகப் பேசிக்கொண்டே இருந்தாள்.