ஆபேல் பிடித்த சதுப்புக் காற்று

மாலை ஐந்தே காலுக்கு ஆபேலின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியவர் வேறு யாரோ. "இந்த போன்காரர் உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். தம்பி என்றேன். மேடவாக்கம் அருகே லாரி மோதிவிட்டதாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது.

ஆபேலுக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. செயற்கைக்கோள் அனுப்பும் தகவலை வைத்து, காற்றில் கரியமில வாயுவும் மீத்தேனும் எந்த உயரத்தில் எவ்வளவு என்று கணக்கிடும் புரோகிராம் அவன் குழுவுடையது. அவ்வளவு மேலிருந்து பார்க்கும் கருவிக்குத் தரையை ஒட்டிய காற்று சரியாகப் பிடிபடாது. அந்த இடத்தில் புரோகிராம், நாம் முன்கூட்டியே கொடுத்த உத்தேச எண்ணையே ஏறக்குறையத் திருப்பித் தந்துவிடும். இதுதான் அவனை உட்கார விடவில்லை.

"பள்ளிக்கரணை சதுப்புக்கு மேல நாம போட்ட நம்பரே நமக்குத் திரும்பி வருதுக்கா. இதை அளந்தோம்னு எப்படிச் சொல்றது?" சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நடப்பான்.

2010இல், செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் கடக்கும் மதியங்களில் விடுப்பு எடுத்து, உள்காற்றை உறிஞ்சி எடுத்த எஃகு பாட்டில்களோடு சதுப்பை ஒட்டிய பெரும்பாக்கம் பக்கம் போவான். துணைக்கு நான். வால்வைத் திறந்தால் தரையோரக் காற்று உள்ளே ஏறிக்கொள்ளும்; அதை அளந்து செயற்கைக்கோள் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவன் திட்டம். சதுப்போரம் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியின் வாட்ச்மேன் சம்பந்தம் கிண்டல் செய்யாமல் விடமாட்டார். "இன்னா சார், எங்க ஏரியா நாத்தத்த பாட்டில்ல புடிச்சுகினு போறியா? ஃப்ரீதான், நாளைக்கு டிரம்மு எட்த்துகினு வா!"

எங்கள் வீட்டில் ஜெபிக்காமல் எதையும் தொடங்குவதில்லை. முதல் நாள் பாட்டிலை நடுவில் வைத்து இருவரும் குனிந்து ஜெபித்தோம். ஆமென் சொன்ன கையோடு வால்வைத் திறந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அளந்தால் கரியமில வாயு தாறுமாறாக ஏறியிருந்தது.

"நம்ம மூச்சு. உன் ஆமென் முழுசா உள்ள போயிருக்குக்கா! இனிமே ஜெபம் வீட்ல, இங்க வாயை மூடு."

சிரித்தபடியே நகத்தைக் கடித்தான். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேகம் மறைத்தால் செயற்கைக்கோளுக்கு ஒன்றும் தெரியாது, அந்த நாளே வீண். அடுத்தடுத்து மேகம். வானத்தைப் பார்த்தபடி தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்புவான்.

கடைசியில் ஒரு மதியம் வானம் துடைத்தாற்போல் இருந்தது. மூச்சடக்கிக் காற்றைப் பிடித்தான். என்னைப் பஸ் ஏற்றிவிட்டு, பாட்டிலை ஆய்வகத்தில் கொடுக்கப் பைக்கில் போனான். கொடுத்துவிட்டான். திரும்பும் வழியில்தான் லாரி.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் ஆய்வகத்து எண்கள் வந்தன. இந்த முறை மூச்சு எதுவும் கலக்காமல் பாட்டில் காற்று சுத்தமாக இருந்ததாம். அவனோடு வேலை பார்த்த ஜெயப்ரியாவுக்கு அனுப்பினேன். "கண்டிப்பா பார்க்கிறேன்க்கா" என்றாள். அவளை வேறு புராஜெக்டுக்கு மாற்றியிருந்தார்கள். அந்த மதியத்துச் செயற்கைக்கோள் எண்ணுக்குப் பக்கத்தில் எங்கள் எண்ணை இன்னும் யாரும் வைத்துப் பார்க்கவில்லை.