புஷ்பமலரின் பிரெஞ்சுக் கடிகாரங்கள்

புஷ்பமலர் மன்னாரில் பிறந்தவர். எண்பதுகளின் நடுவில் சண்டைக்குத் தப்பிப் பிரான்சுக்குப் போனவர், சுவிஸ் எல்லைக்குக் கிட்ட இருக்கும் பெசான்சோன் நகரத்தில் கரையேறினார். தலைமுறை தலைமுறையாகக் கடிகாரம் செய்கிற ஊர் அது. ஒரு தொழிற்சாலையில், கடிகாரத்துக்கு முகப்பும் முட்களும் பொருத்துகிற மேசையில் அவருக்கு இடம் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் நிக்கோல் என்றொரு பெண். அவரோடு கதைத்துக் கதைத்தே பிரெஞ்சும் படிந்தது, வேலையும் படிந்தது. செபஸ்ரியனைக் கல்யாணம் செய்ததும், மகள் றோஷினி பிறந்ததும் அங்கேதான்.

பிறகு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். செபஸ்ரியனின் தமையன் ஆக்லாந்திலிருந்து ஸ்பொன்சர் செய்ய, மூவரும் அந்த நகரத்தின் ஹில்ஸ்பரோப் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். நிக்கோல் பெசான்சோனிலேயே நின்று, தன்னைப் போல வேலை போன நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ஒரு சிறு பட்டறை தொடங்கினார்.

ஆக்லாந்து நகர மையத்தில், குயின் வீதிக்குப் பக்கத்துச் சந்தில் கோதண்டராமனின் கடிகாரக் கடை இருந்தது. மதுரைக்காரர். பற்றரி மாற்றுவதும் வார் மாற்றுவதும்தான் பெரும்பாலும் வியாபாரம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிய புஷ்பமலரை, ஒரு பழுதைக்கூடச் செய்து காட்டச் சொல்லாமல் வேலைக்கு எடுத்துக்கொண்டார். அதைப் புஷ்பமலர் கடைசிவரை மறக்கவில்லை.

தேநீர் குடிக்கும்போது ஒருநாள் கோதண்டராமன் சீண்டினார்.

"வாட்ச்னா சுவிஸ், இல்லாட்டி ஜப்பான். பிரான்சுல என்னம்மா இருக்கு? சென்ட்டும் வைனும்தானே?"

"எத்தினை விதம் இருக்கெண்டு உங்களுக்குத் தெரியேல்லை ஐயா."

சொல்லத் தொடங்கியவர் தேநீர் ஆறும்வரை நிறுத்தவில்லை. கடலில் முக்குளிக்கிறவர்களுக்கென்று ஒன்று. தாதிமார் சட்டையில் குத்திக்கொண்டு குனிந்து பார்க்கத் தோதாக, தலைகீழ் முகப்போடு ஒன்று. பாரிஸ் நகைக்கடைகளுக்கு நகம் அளவில் ஒன்று. மலையில் மாடு வளர்க்கிறவர்களுக்குப் பெரிய எண்களோடு ஒன்று. பெரிய தொழிற்சாலைகள் போன இடத்தில் இப்போது, சிநேகிதி நிக்கோலுடையது போல, சின்னப் பட்டறைகள் முளைத்திருக்கின்றன, ஒன்றின் சாயல் மற்றதில் இல்லை.

கோதண்டராமன் காலிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கொஞ்சம் வரவழைச்சுத்தான் பாப்போமே."

"உண்மையாவோ ஐயா?"

"ஆமாம்மா. உங்க சிநேகிதிகிட்ட பேசுங்க."

1995 மே மாதம் பெட்டி வந்தது. கடை முகப்புக் கண்ணாடிக்குள் நீல வெல்வெட் விரித்து, நிக்கோல் அனுப்பிய கடிகாரங்களைப் புஷ்பமலர் ஒவ்வொன்றாக அடுக்கினார். ஜூனில், பசிபிக் கடலில் மறுபடி அணுகுண்டு சோதனை செய்யப்போவதாகப் பிரெஞ்சு அரசாங்கம் அறிவித்தது.

நகரம் கொதித்தது. சோதனைகளை எதிர்க்கப் புறப்பட இருந்த கப்பலை இதே துறைமுகத்தில் பிரெஞ்சு உளவாளிகள் குண்டு வைத்துத் தாழ்த்திப் பத்து வருடந்தான் ஆகியிருந்தது. பல கடைகளில் பிரெஞ்சு வைனைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். கோதண்டராமனின் கண்ணாடியில் யாரோ எதிர்ப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் கதவைத் திறந்து, "வெட்கமாக இல்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தார்.

"கொஞ்ச நாளைக்கு உள்ள எடுத்து வச்சிடலாம்மா. கோபம் ஆறட்டும்," என்றார் கோதண்டராமன். ஒரு கடுஞ்சொல் இல்லை. அதுதான் புஷ்பமலருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் செபஸ்ரியனிடம் சொன்னார்: "அவையள் கோவிக்கிறது சரிதானே. குண்டெண்டா என்னெண்டு எங்களுக்குத் தெரியாதே? எனக்கும் கோவம்தான். ஆனா அந்த ஊர்தானேப்பா என்னை ஆளாக்கினது."

"அப்ப ஊர்வலத்துக்குப் போவம் மலர். கோவத்தை அங்க சொல்லுவம்."

சனிக்கிழமை மூவரும் குயின் வீதியில் கூட்டத்தோடு நடந்தார்கள். றோஷினி தகப்பனின் தோளில். பக்கத்தில் வந்த நரைத்த தலைமுடிக்காரப் பெண்ணின் பெயர் ஹெலன். நகரத்தின் எப்சம் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை கற்பிப்பவர். அவருடைய பார்வை புஷ்பமலரின் மணிக்கட்டில் நின்றது.

"அது பிரெஞ்சுக் கடிகாரம் அல்லவா?"

புஷ்பமலருக்கு முகம் சூடேறியது. தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "ஓம். ஐந்து பெண்கள் செய்தது. அவர்களும் போன கிழமை பெசான்சோனில் இதற்கு எதிராக ஊர்வலம் போனார்கள். என் சிநேகிதி போனில் சொன்னாள்."

ஹெலன் துறைமுகம்வரை பக்கத்திலேயே நடந்து வந்தார்; பிரியும்போது கடை எங்கே என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த கிழமை அவர் கடைக்கு வந்தார். "அந்தப் பெண்கள் செய்தவற்றைப் பார்க்கலாமா?" கோதண்டராமன் உள்ளேயிருந்து தட்டை எடுத்து வந்து வைத்தார். ஹெலன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, யார் இதை அணிவார்கள் என்று கேட்டுக்கேட்டுப் பார்த்தார். மலைக்காரர்களின் பெரிய எண் கடிகாரத்தில் மனம் தங்கிவிட்டது.

"சோதனை நிற்கும்வரை நான் எந்தப் பிரெஞ்சுப் பொருளும் வாங்கமாட்டேன். ஆனால் இதை எனக்காக வைத்திருப்பீர்களா?"

"வைத்திருப்பேன்," என்றார் புஷ்பமலர். "நீங்கள் இப்போது வாங்காததும் எனக்குச் சந்தோஷம்தான்."

அன்று பின்னேரமே தட்டு கண்ணாடிக்குத் திரும்பியது. இவற்றைச் செய்தவர்களும் அணுகுண்டை எதிர்க்கிறவர்களே என்று ஒரு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் சாய்த்து வைத்தார் கோதண்டராமன். எல்லாருடைய கோபமும் ஆறவில்லை. ஆனால் சிலர் நின்று வாசித்தார்கள். சிலர் உள்ளே வந்து பெசான்சோனைப் பற்றிக் கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லியே புஷ்பமலரின் ஆங்கிலம் திருந்தியது.

அடுத்த ஜனவரிக் கடைசியில் சோதனைகள் நின்றன. பெப்ரவரியில் தனக்காக வைத்திருந்த கடிகாரத்தை வாங்க ஹெலன் வந்தார், கூடவே பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் இரண்டு பேர். குளிர்காலம் வருவதற்குள் தட்டு காலியாகி, வேறு பட்டறைகளிலிருந்தும் கடிகாரங்கள் வரத் தொடங்கின. சேதி சொல்ல போன் எடுத்தபோது நிக்கோல் மறுமுனையில் விசும்பியது கேட்டது.

றோஷினிக்கு எட்டு வயதில் முதல் நன்மை, தேவாலயத்தில் முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். பிரான்சில் அந்த நாளில் பிள்ளைக்கு முதல் கைக்கடிகாரம் கட்டுகிற வழக்கம் உண்டு. கோயிலால் வந்ததும் புஷ்பமலர் மகளின் கையைப் பிடித்து ஒன்றைக் கட்டினார். ஹில்ஸ்பரோ வீடு நிறைய ஆட்கள். கோதண்டராமன் டை கட்டி வந்திருந்தார். ஹெலன் சுடச்சுடப் பொரித்த இறைச்சி றோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தார்.

சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்லும்படி செபஸ்ரியன் மனைவியைக் கேட்டார். புஷ்பமலர் கண்ணை மூடிக்கொண்டு நன்றி சொல்லத் தொடங்கினார். நிக்கோலுக்கு. தொழிற்சாலையின் அந்த மேசைக்கு. ஒன்றும் கேளாமல் வேலை தந்த கோதண்டராமனுக்கு. நீதியான கோபத்தோடும் பக்கத்தில் நடந்த ஹெலனுக்கு. பெசான்சோனின் குளிருக்கு, ஆக்லாந்தின் மழைக்கு. பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.

"மம்," என்று றோஷினி சேலையைப் பிடித்து இழுத்தாள், "த றோல்ஸ் ஆர் கெற்றிங் கோல்ட்."