தாழ்ப்பாள் கேட்ட மகள்

தெருவில் பாதி வீடுகளுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தவர் அந்தத் தச்சர். வாயைத் திறந்தால் நக்கல்தான். பத்து வயது மகள் தன் அறைக் கதவுக்கு ஒன்று கேட்டதும், "மகாராணிக்குத் தனிக் கோட்டை வேணுமாம்" என்று சாப்பிடும்போது எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். வீட்டோடு தங்கியிருந்த அவர் தம்பியும் சிரித்தான். மகள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சித்தப்பா தன்னிடம் தப்பாக நடந்துகொள்வதை அவள் அம்மாவிடம் சொல்ல மாதங்கள் ஆயின. தச்சர் அன்றே தம்பியைப் போலீஸில் ஒப்படைத்தார். வீட்டுக்கு வந்து மகளருகே தரையில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"உன் மேல ஒரு தப்பும் இல்ல, கண்ணு. அப்பாகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே."

"தாழ்ப்பாள் கேட்டேனேப்பா. நீதான் சிரிச்ச."