உலக்கை நடக்கும் சத்தம்

கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த அந்தப் பெரிய கட்டடத்தில் மின்சாரம் போனால் எல்லோருக்கும் ஒரே ஆளின் நினைவு வரும். மின்சாரம் வந்ததும் மறந்துவிடும். அடித்தளத்தில் டீசல் ஜெனரேட்டர்களோடு கிடந்த அவரை ஜெனரேட்டர்காரர் என்றே கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்கள் என்பதும் பேச்சுக்குத்தான். கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. இளவயதில் அந்த அறைக்குள் போனவர், காதுக்கு மாட்டிக்கொள்ளக் கொடுத்த கவசத்தை ஆணியில் தொங்கவிட்டே காலத்தை ஓட்டினார். ஐம்பதை நெருங்கும்போது காதுகள் கையை விரித்துவிட்டன. கனமான சத்தங்கள் மட்டும் உள்ளே வந்தன: லாரி, இடி, கதவை ஓங்கிச் சாத்துவது. மனிதர் பேச்சு முணுமுணுப்பாக வந்து வாசலிலேயே நின்றுவிடும்.

காது மெஷின் ஒன்றும் வாங்கிப் பார்த்தார். அதை மாட்டினால் பேச்சு தெளியவில்லை, தட்டும் கரண்டியும்தான் மண்டைக்குள் விழுந்தன. அது அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

காதும் காதும் வைத்த மாதிரி எதையும் அவரிடம் சொல்ல முடியாது. ஆனால் தன் காதைப் பற்றிய சேதியை மட்டும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். கொஞ்சம் மந்தம் என்று மனைவிக்குத் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. பாதி காது, மீதி அழுத்தம் என்பது அவள் கணக்கு. "வேணும்னா கேக்கும், வேணாம்னா கேக்காது. கொடுத்து வச்ச காது" என்று சொந்தக்காரர்களிடம் சிரித்தபடி சொல்வாள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரிப்பார். ஒருமுறை மச்சான் வந்து, தன் வயிற்றில் கட்டி இருப்பதாகவும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பதாகவும் சொன்னார். இவர் முகம் மலர்ந்து, "ரொம்ப சந்தோஷம், நல்லபடியா நடக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போவதை விட்டுவிட்டார்.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தபோது தன் பழைய கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுப் போனாள். போகுமுன் அதில் ஒரு துப்பாக்கி விளையாட்டை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்து, அதில் அவருக்கு 'டீசல்' என்று பெயரும் வைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு நாலு பேரைச் சுட்டுக்கொண்டாவது இருங்கள் என்பது அவள் நினைப்பு. முதலில் சில சாயங்காலங்கள் அவளும் அங்கிருந்தே சேர்ந்து விளையாடினாள். பிறகு வேலை நெருக்கியது. அவள் வருவது நின்றது. இவர் நிறுத்தவில்லை.

கைவிடப்பட்ட ஒரு துறைமுகத்தில் நாலு நாலு பேராக இறங்கி, கடைசிவரை உயிரோடு நிற்கும் அணி ஜெயிக்கும் ஆட்டம் அது. அதில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. சுவருக்கு அப்பால் எவன் காலடி கேட்கிறது, எந்தப் பக்கம் படி ஏறுகிறான் என்பதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். ஆகவே, காலடியோ சன்னமான துப்பாக்கிச் சத்தமோ கேட்காத ஜெனரேட்டர்காரர் ஆட்டத்துக்கு ஆட்டம் முதல் ஆளாகச் செத்தார். ஆனாலும் மூன்று பேர் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். கையில் கிடைக்கும் தோட்டாவையும் மருந்துப் பெட்டியையும் தனக்கென்று வைக்காமல் தூக்கிக் கொடுத்துவிடுகிற ஆள் அவர் என்பதுதான் காரணம். அந்த மூவருக்கும் தலைவன் போல இருந்தவன் பெயர் 'பல்லி'. எங்கோ ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறவன். அவர்கள் ஹெட்செட்டில் பேசிக்கொண்டே விளையாடுவார்கள். இவரும் மகள் விட்டுப்போன ஹெட்செட்டை மாட்டிக்கொள்வார், ஆனால் பேசமாட்டார். டீசல் அண்ணன் வாய் திறக்காத ஆள் என்று அவர்களாக முடிவுசெய்துகொண்டார்கள்.

அப்போதுதான் ஆட்டத்தை நடத்தும் கம்பெனி அதில் ஒரு புதுப் பாத்திரத்தை இறக்கியது. இரும்புக் காலணியும் தோளில் சம்மட்டியுமாக ஒரு ராட்சசி. அவள் வந்து இறங்கினால் இரும்புக் கதவின் மேல் பாறாங்கல் விழுந்தது போலிருக்கும். ஒவ்வொரு எட்டுக்கும் தொம், தொம். எவனோ அளவு தெரியாமல் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டான் என்று உலகமே திட்டியது. கம்பெனி வைத்த அலங்காரப் பெயரை யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் அவள் 'உலக்கை'தான்.

அன்று சாயங்காலம் ஜெனரேட்டர்காரர் ஒரு கிடங்குக்குள் ஒளிந்திருந்தார். வலது பக்கச் சுவருக்கு அப்பால் தொம் என்றது. முதலில் தெருவில் ஏதோ விழுந்ததாக நினைத்தார். மறுபடி தொம், இன்னும் கிட்டே. திரும்பி வாசலைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டினார். உலக்கை உள்ளே வந்தாள், விழுந்தாள். ஒருவர் வருவதை, அவர் வருமுன்னே காதால் அறிந்து எத்தனை காலம் ஆயிற்று!

மறுநாள் தான் ஆடும் பாத்திரமாக அவரே உலக்கையைத் தேர்ந்தெடுத்தார். துறைமுகத்தின் நீண்ட பாதையில் நடந்தார். தான் நடப்பது தனக்கே கேட்டது. நின்றால் நின்றது, ஓடினால் ஓடியது. எதிரியைத் தேடாமல், கரையோரமாக அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்துகொண்டே இருந்தார். அதற்குப்பின் வேறு யாரையும் அவர் எடுக்கவில்லை.

கூட இருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டமாயிற்று. அவர் பக்கத்தில் நடந்தால் அவர்களுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. பல்லி ஹெட்செட்டில் கெஞ்சினான், பிறகு கத்தினான். ஜெனரேட்டர்காரருக்கு அது வழக்கமான முணுமுணுப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மருந்துப் பெட்டியை அவன் முன்னால் வைத்துவிட்டு, தொம் தொம் என்று நடந்தார். எவ்வளவு திமிர் என்று மற்ற இருவருக்கும் பொறுக்கவில்லை. ஒருநாள் அவர் உள்ளே நுழைந்தபோது அணியில் அவர் பெயர் இல்லை. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

அந்த வாரமே, புகார்கள் குவிந்ததால் உலக்கையின் சத்தத்தைக் குறைக்கப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. அறிவிப்பின் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் நன்றி சொல்லியிருந்தார்கள். வீட்டில் மனைவி இல்லாத நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி அவரும் எழுதினார்: "குறைக்க வேண்டாம். எனக்குக் காது கேட்காது. இந்த விளையாட்டில் இது ஒன்றுதான் கேட்கிறது."

யாரிடமும் சொல்லாததை ஊருக்கே சொல்லிவிட்டோமே என்று அழிக்கப் பார்த்தார். எப்படி அழிப்பதென்று தெரியவில்லை. கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. செவிடனுக்கு எதற்கு ஹெட்செட் என்று ஒருவன் கேட்டிருந்தான். நடுவில் பல்லியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்திருந்தது.

"அண்ணா, அன்னிக்கு நான் கத்தினது எதுவுமே உங்களுக்குக் கேக்கலையா?"

"இல்லப்பா."

"நாங்க பேசினதெல்லாம்?"

"எதுவும் கேட்டதில்ல."

பிறகு, "மொதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்று வந்தது. ஜெனரேட்டர்காரர் "சாப்பிட்டியா?" என்று எழுதினார்.

சொன்னபடியே சத்தம் குறைந்தது. உலக்கையும் மற்றவர்களைப் போல அவர் காதுக்கு ஓசையில்லாமல் நடக்கத் தொடங்கினாள். பல்லி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு ஒரு யோசனை செய்தான். எதிரி எந்தப் பக்கம் வருகிறானோ அந்தப் பக்கச் சுவரில் ஒருமுறை சுடுவான். புழுதி கிளம்பும் இடத்தைப் பார்த்து இவர் திரும்பிக்கொள்ள வேண்டும். சில நாட்கள் அது அருமையாக நடந்தது. சுவரில் புழுதி கிளம்பும்போதெல்லாம் தன்னை யாரோ தோளில் தொட்டுக் கூப்பிடுவதாக அவருக்குத் தோன்றும். ஆனால் பல்லி சுடும் சத்தம் எதிரிகளுக்கும் கேட்டது. இருவரும் ஒன்றாகவே செத்தார்கள். மற்ற இருவரும் வேறு அணிக்குப் போனார்கள். பல்லிக்கு ஜெயிக்க ஆசை இருந்தது, அதில் தப்பு என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறேன் என்றான். வந்தான். பிறகு அதுவும் குறைந்து, அவன் பெயர் பட்டியலில், ஆள் வரவில்லை என்று காட்டும் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. அவர் அவன்மேல் வருத்தப்படவில்லை.

ஒரு மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னார். தனக்கு எவ்வளவு கேட்கவில்லை என்பதையும் சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு ஏதோ சொன்னாள். நெடுநேரம் சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டும் சொன்னாள். அவர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னே?" என்று கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்து, "ஒண்ணுமில்ல" என்றாள். அது மட்டும் உதட்டசைவில் புரிந்தது.

இப்போதும் சாயங்காலம் விளையாடுகிறார், முன்பின் தெரியாதவர்களோடு. சீக்கிரமே செத்துவிடுகிறார். செத்தவர்கள் வெளியேறிவிடலாம், அல்லது உயிரோடிருக்கும் அணிக்காரர் ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்று மீதி ஆட்டத்தைப் பார்க்கலாம். மற்றவர்கள் வெளியேறிவிடுவார்கள். அவர் இருந்து பார்ப்பார். யாரோ ஒருவர் தனியாகப் படிகளில் ஏறுகிறார், நின்று எதையோ காது கொடுத்துக் கேட்கிறார், சட்டென்று திரும்புகிறார். எதைக் கேட்டு அவர் திரும்பினார் என்று ஜெனரேட்டர்காரர் யோசித்துக்கொண்டிருப்பார்.