கேஸ் குழாயும் சரசுவின் இரண்டு வீடுகளும்

போன ஞாயிற்றுக்கிழமை சூலூருக்குப் போய் ஒரு மெஷினை வழியனுப்பி வைத்துவிட்டு வந்தேன்.

மனிதர்களை வழியனுப்பிப் பழக்கம் உண்டு. மெஷினை? விலைக்கு வாங்கியவர்கள் கிரேன் வைத்துத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். பட்டறை ஷெட் வாசலில் என் கல்லூரித் தோழி சரசு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் கணவர் துரைசாமி லாரிப் பக்கம் திரும்பாமல் செல்போனையே நோண்டிக்கொண்டிருந்தார்.

துரைசாமி லேத்தில் பம்ப் பாகங்கள் கடைந்து கொடுத்து நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தவர். சில வருடங்களுக்கு முன்பு கோவையில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டார்கள். நிலக்கரியும் ஃபர்னஸ் ஆயிலும் புகை கக்குகின்றன, இனிமேல் எரிவாயுதான், நம் பக்கமும் குழாய் வருகிறது, வால்வு செய்கிறவர்களுக்கு நல்ல காலம்... அரசுத் தரப்பிலேயே பேசினார்களாம். மனிதர் நம்பிவிட்டார். கேஸ் வால்வுக்கென்றே அந்த மெஷினை வாங்கினார்.

குழாய் வந்ததா? வந்தது — மேப்பில்!

மேப்பில் போட்ட கோடு, அவிநாசிக்குப் பக்கத்தில் சரசுவின் அண்ணன் பொன்னுச்சாமியின் தென்னந்தோப்புக்கு நடுவே போனது. சர்வேக்காரர்கள் வந்து கல் நட்டார்கள். குழாய் பதிக்கும் அந்த நிலப்பட்டையில் மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது. ஆனால் நிலம் அவருடையதுதான். தாராளமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஊரே திரண்டு ரோட்டில் உட்கார்ந்தது. சரசுவும் போனாள். பிறந்த வீட்டுக்கு ஒன்று என்றால் எந்தப் பெண் சும்மா இருப்பாள்? 'கேஸ் குழாய் வேண்டாம்' என்ற அட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது.

அன்றைக்கே, வால்வு ஆர்டர் கொடுப்பதாக இருந்த கம்பெனியிலிருந்து துரைசாமிக்கு போன். "ஏனுங்க, உங்க ஊட்டு அம்மணியே வேண்டாங்கறாங்க... நாங்க என்னங்க பண்றது?"

விளையாட்டாகத்தான் கேட்டார்களாம். நான் சிரித்துவிட்டேன். சரசு சிரிக்கவில்லை.

"ஆர்டர் நின்னதே என்னாலதான்னு நெனச்சுப்போட்டேன் புள்ள. ஒரு வாரம் அவரு மூஞ்சியவே பாக்கல."

அவளால் நிற்கவில்லை. திட்டமே நின்றுபோனது. தோட்டத்து வழியாகத்தான் போகும் என்றது ஓர் அரசு. ரோட்டோரமாகப் போடு என்றது இன்னோர் அரசு. பணம் போட வந்த நிறுவனம் எத்தனை நாள்தான் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்? வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது.

சரி, திட்டம் ரத்தா? அதுவும் இல்லை. 'ஃபைல் பாலிசி லெவலில் பெண்டிங்' என்றாராம் ஓர் அதிகாரி. அதனால் தோப்பில் நட்ட கல் இன்னும் அங்கேயே நிற்கிறது. பொன்னுச்சாமி புதுக் கிணற்றுக்குக் குறித்து வைத்த இடம் அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது. இன்றைக்கு வெட்டி, நாளைக்கு மூடச் சொன்னால்? வெட்டவும் பயம், விடவும் மனசில்லை. தண்ணீர் போதாமல் தென்னை காய்ந்துகொண்டிருக்கிறது.

"வேணும்னா வேணும்னு சொல்லோணும். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லோணும். இப்படி ரெண்டுங்கெட்டானா நிறுத்திப்போட்டா நாங்க எதை நம்பித் தொழில் பண்றதுங்க?" என்றார் துரைசாமி.

எனக்குச் சுருக்கென்றது. விவசாய நிலத்தில் குழாய் கூடாது என்று இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் எழுதியவள் நான். எங்கள் அபார்ட்மெண்டுக்குக் குழாய் கேஸ் எப்போது வரும் என்று மாதம் தவறாமல் விசாரிப்பவளும் நானேதான். அடுப்புக்கு கேஸ் வேண்டும்... குழாய் மட்டும் அடுத்தவர் காட்டில் போக வேண்டும். நம் லட்சணமே இப்படி இருக்கும்போது அரசை மட்டும் எந்த வாயால் திட்டுவது? ஆனால் ஒன்று. என் குழப்பத்தால் யாருடைய ஷெட்டும் காலியாகவில்லை.

லாரி கிளம்பும்போது பொன்னுச்சாமி பைக்கில் வந்து இறங்கினார். மெஷின் இருந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாப்ள... ரோட்டோரமாப் போடுங்கன்னுதானுங்க நாங்க கேட்டோம். உங்க பொழப்பு போகோணும்னு கேக்கலீங்க."

"அது எனக்குத் தெரியாதுங்களா மச்சான்? வாங்க, சாப்புடலாம்."

இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் தண்ணீர்ச் சொம்பை நகர்த்திக் கொடுத்தபடி சாப்பிட்டார்கள். பரிமாறிவிட்டு சமையலறைக்குள் வந்த சரசு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவிநாசியப்பர் கோயிலுக்குப் போனேன் புள்ள. ஒரு சுத்து சுத்தி, குழாய் வரோணும்னு எங்க ஊட்டுக்காரருக்காகக் கும்புட்டேன். இன்னொரு சுத்து சுத்தி, வரக்கூடாதுன்னு எங்கண்ணனுக்காகக் கும்புட்டேன்."

சாமி இரண்டு பேரில் ஒருவரையாவது காப்பாற்றியிருக்கும்... என்ன செய்வது, ஃபைல் சாமியிடம் இல்லையே!